விழப்போற பல்லுக்கு 6,500 ரூபாய் செலவு பண்ணணுமா?

கயல் அம்மா, குமாரபாளையம்
ஜூன் 3, இரவு 11.50

தூக்கம் வராம உக்காந்து எழுதறேன். எம் பொண்ணுக்கு அஞ்சே கால் வயசு. கீழ வலது பக்கம் கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தை. மூணு மாசம் முன்னாடி ஒரு கருப்புப் புள்ளிதான் இருந்துச்சு, பால் பல்லுதானேன்னு விட்டுட்டோம். இப்பப் பள்ளம் விழுந்து சாப்பாடு போய் அடைச்சுக்குது. நாலு நாளா ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சு கன்னத்தைப் புடிச்சுட்டு அழுகறா. நேத்து விடிய விடிய தோள்ல போட்டுட்டு நடந்தேன்.

இன்னைக்கு ரெண்டு டாக்டர்கிட்டப் போனோம். மொத எடத்துல, "புடுங்கிடலாம், 500 ரூபா, எப்படியும் விழற பல்லு"ன்னாங்க. ரெண்டாவது எடத்துல எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, வேர் சிகிச்சை பண்ணி மேல ஸ்டீல் கேப் போடணும், 6,500 ஆகும்னாங்க. வீட்டுக்காரர் தறிப் பட்டறைல வேலை. ஸ்கூல் ஃபீஸ் கட்டற மாசம் வேற. எங்க அத்தை, "விழப்போற பல்லுக்கு எதுக்கும்மா அத்தனை காசு, நாங்கெல்லாம் நூலைக் கட்டி இழுத்தோம்"ங்கறாங்க. அவங்க கெட்டது நெனச்சுச் சொல்லல, எனக்கும் அது நெசம்னுதான் படுது.

பண்ணித்தான் ஆகணும்னா கடன் வாங்கியாவது பண்ணிடுவோம். ஆனா அந்தப் பல்லு அவளுக்கு உண்மையிலயே வேணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சரசு பாட்டி, பொள்ளாச்சி
ஜூன் 4, காலை 5.20

கண்ணு, புள்ள அழுகறப்ப பெத்தவளுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எம் மகனுக்கு ஒம்பது வயசுல ஒரு கடைவாய்ப் பல்லைப் புடுங்குனோம், ஒண்ணும் ஆகல. இப்ப அவனுக்கு நாப்பத்தி மூணு. கிராம்பை நுணுக்கிப் பஞ்சுல வெச்சு அமுக்கி வை, வலி அடங்கும். உங்க அத்தைகிட்ட சண்டை போட்டுக்காத. அவங்க காலத்துல நம்ம பக்கம் பல் டாக்டரே கெடையாது.

ரயில்வே அப்பா, விழுப்புரம்
ஜூன் 4, காலை 8.05

சகோதரி, நான் சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. என் பையனுக்கு 5 வயசுல இதே மாதிரி கீழ் கடைவாய்ப் பல், அதுவும் ரெண்டு பக்கமும். ஒரு கிளினிக்கில் பத்து நிமிஷத்துல பிடுங்கிட்டு அனுப்பிட்டாங்க. அந்த இடத்துல எதுவும் வைக்கணும்னு யாரும் சொல்லல, எனக்கும் கேட்கத் தெரியல. வலி போச்சுன்னு சந்தோஷமா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தேன்.

இப்ப அவனுக்கு 13. போன வருஷம் முகம் முழுக்கத் தெரியற பெரிய எக்ஸ்ரே எடுத்தாங்க. பிடுங்காம இருந்திருந்தா அந்தப் பல் காத்து வைச்சிருக்க வேண்டிய இடத்தை, பின்னாடி முளைச்ச நிரந்தரப் பல் முன்னால நகர்ந்து வந்து பிடிச்சுக்கிச்சு. உள்ள இருந்து வரவேண்டிய பல் வழியில்லாம எலும்புக்குள்ளயே சிக்கி நிக்குது. படத்துல அதைப் பார்த்தப்போ, கூட்டமான பஸ்ஸில் ஏற முடியாம வாசல்ல தொங்கற ஆள் மாதிரி இருந்துச்சு. பின்பல்லைப் பின்னால தள்ளி, இடம் உண்டாக்கி, கம்பி போட்டு இழுக்கறாங்க. ஒன்றரை வருஷமாவது ஆகும்னு சொன்னாங்க. இதுவரைக்கும் 38,000 ரூபாய் கொடுத்திருக்கேன். பணத்தை விடுங்க. பையன் சிரிக்கும்போது வாயைக் கையால மூடறான். அதுதான் எனக்குத் தாங்கல.

குழந்தைப் பல் மருத்துவர், திருச்சி
ஜூன் 4, பிற்பகல் 2.40

கயல் அம்மா, நேரில் பார்க்காமல் உங்கள் மகளுக்கு இதுதான் சரி என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் எந்தப் பல் என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். சரசு அம்மா சொன்னதும் உண்மை, விழுப்புரத்துக்காரர் சொன்னதும் உண்மை. இருவருக்கும் நடந்தது வேறாக இருக்கக் காரணம் வயது. 9 வயதில் எடுத்த பல் அடுத்த ஓரிரு வருடத்தில் தானாகவே விழுந்திருக்கும். 5 வயதில் எடுத்தால் கதை வேறு.

பால் பற்கள் மொத்தம் 20. ஆறு, ஏழு வயதில் ஆடி விழுபவை முன்பற்கள். நூல் கட்டி இழுத்ததும் கூரையில் எறிந்ததும் அந்தப் பற்களைத்தான். அதைப் பார்த்துப் பார்த்தே பால் பல் என்றாலே நாளைக்கு விழப்போவது என்று நம் மனதில் பதிந்துவிட்டது. கடைவாயில் உள்ள எட்டுப் பால் பற்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பக்கத்துக்கு இரண்டாக இருக்கும் அவற்றில் முன்னது 9 முதல் 11 வயதில் விழும், பின்னது 10 முதல் 12 வயதில். உங்கள் மகளுக்குச் சொத்தையானது பின்னது என்றால், இன்னும் ஐந்தாறு வருடம் அவள் அதை வைத்துத்தான் மெல்ல வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது இதுவரை வாழ்ந்த காலம் அளவு நீளமானது.

அடுத்து, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. 6 வயது வாக்கில் கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய பல் வரும். அது வருவதற்காக எந்தப் பல்லும் விழாது. அதனால் பெரும்பாலான பெற்றோருக்கு அது வந்ததே தெரியாது, தெரிந்தாலும் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுவார்கள். ஆயுள் முழுக்க இருக்கப்போகிற நிரந்தரப் பல் அது. வரும்போது முன்னால் இருக்கும் பால் பல்லின் முதுகில் சாய்ந்துகொண்டு, அதை வழிகாட்டியாகப் பிடித்துத்தான் மேலே வரும். அந்த முதுகு இல்லாவிட்டால் காலி இடத்துக்குள் சரிந்து வந்துவிடும். விழுப்புரத்தில் நடந்தது இதுதான்.

மூன்று மாதத்தில் புள்ளி பள்ளமானதற்கு உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். பால் பல்லின் மேல் ஓடான எனாமல், நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதி தடிமன்தான். உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் அறையோ பல்லின் அளவுக்கு மிகப் பெரியது. அதனால் பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் போகும் சொத்தை குழந்தைக்குச் சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடும். இரண்டு கடைவாய்ப் பற்களும் ஒட்டி நிற்கும் இடுக்கில் தொடங்கினால் வெளியே தெரியவே தெரியாது. எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் சரியாகவே செய்திருக்கிறார்.

பிடுங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. கேப் மாட்ட முடியாத அளவு உடைந்திருந்தாலோ, சீழ் இறங்கி அடியில் உள்ள எலும்பு கரைந்திருந்தாலோ, வேர் ஏற்கெனவே தேய்ந்து விழும் நிலையில் இருந்தாலோ நானும் எடுத்துவிடுவேன். எடுத்தால் இடம் காக்கும் வளையம் தேவையா என்று அதே நாளில் கேட்டுவிடுங்கள். முன்கடைவாய்ப் பல்லுக்கு அது எளிது. பின்னதை 6 வயதுப் பல் வருவதற்கு முன்பே எடுத்துவிட்டால், வளையம் மாட்டப் பின்னால் பிடிமானப் பல்லே இருக்காது, வேலை கடினம். உங்கள் மகளின் வயதில் அந்தப் பல்லே மிகச் சிறந்த இடங்காப்பான்.

கிராம்பைப் பற்றி ஒன்று. எண்ணெயாக ஈறில் பட்டால் குழந்தையின் ஈறு வெந்து புண்ணாகும், விழுங்கினால் ஆபத்து. வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் கொடுங்கள். மாத்திரையைச் சொத்தைக் குழியில் வைத்து அடைக்கக் கூடாது.

இன்னொன்று, திடீரென்று வலி நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நரம்பு செத்திருக்கலாம். சில வாரம் கழித்து ஈறில் பரு மாதிரி ஒரு சீழ்க்கட்டி வரலாம். கன்னமோ தாடைக்குக் கீழேயோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இரவானாலும்.

கயல் அம்மா
ஜூன் 4, இரவு 9.15

டாக்டர், எக்ஸ்ரேவைத் திருப்பித் திருப்பிப் பாத்தோம். பின்னாடி இருக்கற பல்லுதானுங்க. அதுக்கு அடியில, ரெண்டு வேருக்கும் நடுவுல சின்னதா ஒண்ணு தெரியுது. அதுதான் புதுப் பல்லா? அத்தைக்கும் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "கோழிக்குஞ்சாட்டம் இருக்குது"ன்னாங்க. இப்ப அவங்களே கேக்கச் சொல்றாங்க: வேர்ல மருந்து வெச்சு அடைச்சு, மேல இரும்புத் தொப்பியும் போட்டுட்டா, அந்தக் குஞ்சு எப்படி வெளிய வரும்?

குழந்தைப் பல் மருத்துவர்
ஜூன் 4, இரவு 10.30

உங்கள் அத்தை கேட்டதைவிட நல்ல கேள்வி இந்த இழையில் இல்லை. ஆமாம், அதுதான் அடுத்து வரப்போகும் பல். பெரியவர்களுக்கு வேரில் அடைக்கும் கெட்டியான பொருளைக் குழந்தைகளுக்கு வைப்பதில்லை. கரையக்கூடிய பசையைத்தான் வைப்போம். புதுப் பல் மேலே எழும்போது பால் பல்லின் வேர் கரையும், கூடவே பசையும் கரையும். கடைசியில் பல் ஆடி விழும்போது கேப்பும் அதோடு சேர்ந்து கையில் வந்துவிடும்.

அந்தக் குஞ்சு அங்கே இருப்பதால்தான் சீழ் பிடிக்க விடக் கூடாது என்கிறேன். மேலே உள்ள பல்லின் சீழ் வேருக்கு நடுவே இறங்கினால், உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் பாதிக்கப்படலாம். மஞ்சளாகவோ பழுப்பாகவோ, குழி விழுந்தோ முளைக்கும். டர்னர் பல் என்று அதற்குப் பெயரே உண்டு.

செலவு பற்றி: பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைப் பல் பிரிவு தனியாக இருக்கும், கட்டணம் மிகக் குறைவு. சென்னைக்காரர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் பக்கத்திலும் தனியார் கல்லூரிகள் உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று நடை ஆகலாம். ஆனால் பேராசிரியர்கள் மேற்பார்வையில் நடக்கும் வேலை. தயங்காமல் போங்கள்.

அங்கன்வாடி ஆசிரியை, மதுரை மாவட்டம்
ஜூன் 5, பகல் 1.10

இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். "எம் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது டீச்சர்" என்று வரும் அம்மாக்களிடம் நான் முதலில் பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்வேன். பாதிப் பிள்ளைகளுக்கு உள்ளே சொத்தை இருக்கும். பல்வலியை எல்லாப் பிள்ளையும் அழுது சொல்லாது. ஒரே பக்கமாக மெல்லும். சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டே இருக்கும். முட்டை கொடுத்தால் சாப்பிடும், சுண்டல் கொடுத்தால் ஒதுக்கிவிடும். கடிக்க முடியாததால் ஒதுக்குகிறது என்று தெரியாமல் சேட்டை என்று அடிப்பார்கள். பசிக்கட்டும் என்று டானிக் வாங்கிக் கொடுப்பார்கள், அதிலும் சர்க்கரை. போன வருடம் ஒரு பையன் கஞ்சியாகக் கரைத்த சத்துமாவைத் தவிர எதையும் தொடவில்லை. மூன்று பல்லுக்கும் வைத்தியம் பார்த்த பிறகு அவன் முதலில் கேட்டது முறுக்கு.

தகடூரான், தர்மபுரி
ஜூன் 5, மாலை 6.45

எல்லாரும் பேஸ்ட் பேஸ்ட் என்பார்கள், அதில் ஃபுளோரைடு இருக்கிறதே, அதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? எங்கள் ஊர்ப் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். என் பல் முழுக்கப் பழுப்புக் கறை. எங்கள் தெருவில் முதுகெலும்பு வளைந்த பெரியவர்கள் உண்டு. ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் வெள்ளையாகச் சிரிக்கிறார்கள். ஃபுளோரைடு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிறு கலங்கும்.

குழந்தைப் பல் மருத்துவர்
ஜூன் 5, இரவு 10.05

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கறை படிவது, பல் தாடைக்குள் உருவாகும் வயதில் தினமும் உள்ளே போகும் அளவால். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. உங்கள் மாவட்டத்தில் பல கிணறுகளில் அதைத் தாண்டியிருந்தது. இப்போது பேஸ்ட்டைப் பாருங்கள். 3 வயது வரை ஒரு அரிசி அளவு போதும். அதில் இருப்பது சுமார் 0.1 மில்லிகிராம், குழந்தை அத்தனையும் விழுங்கினாலும் அவ்வளவுதான். 3 வயதுக்கு மேல் ஒரு பட்டாணி அளவு, துப்பக் கற்றுக்கொடுத்து. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பாம்பு மாதிரி பிதுக்குவதைப் பார்த்து யாரும் செய்ய வேண்டாம். பழைய போர் தண்ணீரையே இன்னும் குடிக்கும் வீடு என்றால், தண்ணீரைச் சோதித்துவிட்டு உங்கள் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

கோண்டாவில் பேத்தி, யாழ்ப்பாணம்
ஜூன் 6, காலை 7.30

எங்கட ஊரிலை பிள்ளைக்கு முதல் பல்லு வந்தால் பல்லுக் கொழுக்கட்டை அவிக்கிறது. தேங்காயைப் பல்லு மாதிரிச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, கொழுக்கட்டையின்ரை ஓரத்திலை குத்தி வைப்பம். பிள்ளையைப் பாயிலை இருத்தி, தலையிலை வெள்ளைத் துணி விரிச்சு, கொழுக்கட்டையைக் கொட்டுவம். முன்னாலை புத்தகம், பேனை, நகை எண்டு பரப்பி வைச்சால் பிள்ளை எதை எடுக்குதெண்டு எல்லாரும் பாத்துக்கொண்டிருப்பம். வீடு நிறைஞ்ச ஆக்கள்.

அப்பிடி ஊரைக் கூட்டி வரவேற்ற பல்லைப் பிறகு ஆரும் திரும்பிப் பாக்கிறதில்லை. என்ரை மகளுக்குச் செய்தனாங்கள். அவளுக்கு இப்ப ஒண்டரை வயசு. போத்தில் பால் வாயிலை இருந்தால்தான் நித்திரை. போன கிழமை பாத்தால் மேல் முன்பல்லு நாலிலையும் ஈறோடை சேந்து சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைக் கோடு. கீழ்ப்பல்லு நல்லாத்தான் கிடக்கு. இது சொத்தையோ டொக்டர்? பாலிலை கல்சியம்தானே இருக்கு?

குழந்தைப் பல் மருத்துவர்
ஜூன் 6, பிற்பகல் 3.20

பேத்தி, நீங்கள் பார்த்த இந்த வெள்ளைக் கோடுதான் சொத்தையின் முதல் எழுத்து. பல பேர் பழுப்பான பிறகே பார்க்கிறார்கள். இந்த நிலையில் கண்டுபிடித்துவிட்டால் திருப்பிக் கொண்டுவர வழி உண்டு. இரண்டு மூன்று நாளுக்குள் பல் மருத்துவரைப் பாருங்கள். ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பல்லில் தடவுவார்கள், ஊசி, துளைப்பு எதுவும் கிடையாது. கொஞ்சம் குழி விழுந்திருந்தால் வெள்ளி கலந்த ஒரு மருந்து உண்டு, தடவினால் சொத்தை நின்றுவிடும். தடவிய இடம் நிரந்தரமாகக் கருப்பாகும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முன்பல் என்பதால் சிலர் தயங்குவார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சையைத் தள்ளிப்போட அது உதவும் என்றால் நான் கருப்பையே தேர்ந்தெடுப்பேன்.

கீழ்ப்பல் தப்பித்த காரணம், பால் உறிஞ்சும்போது நாக்கு அதை மூடிக்கொண்டிருப்பதும், எச்சில் அங்கே ஊறி நிற்பதும். மேல்பல்லுக்கு அந்தக் காவல் இல்லை. தூங்கும்போது எச்சில் சுரப்பே குறைந்துவிடும், பால் இரவு முழுக்கப் பல்லில் குளமாக நிற்கும். பாலில் கால்சியம் இருப்பது உண்மை. அதே பாலில் சர்க்கரையும் இருக்கிறது, நாம் வேறு ஒரு கரண்டி சேர்க்கிறோம். போத்திலை ஒரே நாளில் பிடுங்காதீர்கள், பிள்ளையும் தூங்காது நீங்களும் தூங்க மாட்டீர்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கூட்டி, இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீராக்குங்கள். கோப்பையில் பால், பிறகு பல் துலக்கல், அதன் பிறகு தூக்கம்.

முதல் பிறந்த நாளுக்குள் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். அடுத்த முறை பல்லுக் கொழுக்கட்டை அவிக்கும் வீடுகளில், பாயில் பரப்பும் பொருள்களோடு ஒரு குட்டி பிரஷையும் வையுங்களேன்.

சரசு பாட்டி
ஜூன் 6, மாலை 5.00

டாக்டரய்யா, நாங்க வெள்ளைச் சர்க்கரை தொடறதில்லை. பேரனுக்கு ராத்திரி பனங்கற்கண்டு போட்டுத்தான் பால். அதுவுமா கெடுதல்?

குழந்தைப் பல் மருத்துவர்
ஜூன் 6, இரவு 9.50

அம்மா, உடம்புக்கு எது நல்லது என்பது வேறு பேச்சு. பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிக்குப் பனங்கற்கண்டு, கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் ஒன்றுதான். எதைக் கொடுத்தாலும் அமிலமாக்கிவிடும். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போன பிறகும் அரை மணி நேரம்போல அந்த அமிலம் எனாமலை அரிக்கும், பிறகு எச்சில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும். அதனால் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பது பெரிது. நாள் முழுக்கக் கையில் பிஸ்கட்டோடு சுற்றும் பிள்ளையின் எச்சிலுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. பேரனுக்குக் கற்கண்டு பாலைச் சாயங்காலம் கொடுங்கள், குடித்ததும் ஒரு வாய் தண்ணீர். படுக்கும் முன் மட்டும் பல் துலக்கிய பிறகு எதுவும் வேண்டாம்.

ரயில்வே அப்பா
ஜூன் 7, காலை 6.30

பையனுக்கு நாங்க தவறவிட்டதைச் சின்னவளுக்குச் செய்யறோம். ராத்திரி அவ தலையை என் மடியில வைச்சுப் படுக்க வைச்சு நான்தான் தேய்ச்சு விடறேன். அப்படிப் படுத்தா மேல் கடைவாய் வரைக்கும் தெரியுது. ஏழெட்டு வயசு வரைக்கும் பெரியவங்கதான் தேய்ச்சு விடணும்னு சொன்னாங்க. மொத வாரம் உதைச்சா, கடிச்சா. இப்ப அவளே மடியில வந்து படுத்துக்கறா, தேய்ச்சு முடியறதுக்குள்ள பாதி தூக்கம்.

கயல் அம்மா
ஜூன் 21, இரவு 10.20

சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். பக்கத்துல ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். மூணு நடை, பஸ் செலவு தனி, சிகிச்சைக்கும் கேப்புக்கும் சேத்து 1,900 ரூபா ஆச்சு. மொத நாள் நாற்காலியப் பாத்தே அழுதா. அந்தப் பயிற்சி டாக்டர் பொண்ணு அவசரப்படுத்தல. அன்னைக்கு வாயில எதையும் வெக்காம, கண்ணாடியைக் கையில குடுத்துத் தன் பல்லைத் தானே எண்ணச் சொல்லி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது நடையில நரம்பு மருந்து. மூணாவது நடையில கேப். "வெள்ளிப் பல்லு"ன்னு தெருவே கூட்டிக் காட்டறா. மொத நாள் கடிக்க என்னமோ மாதிரி இருக்குன்னா, மறுநாள் மறந்துட்டா. எதிர்ப்பக்கமும் இடுக்குல சின்னதா ஆரம்பிச்சிருக்குன்னு அடைச்சு விட்டாங்க. நாங்களாப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்காது.

கல்லூரிக்கு மூணு நடையும் எங்க அத்தைதான் கூட வந்தாங்க. மொதல்ல போன எடத்துல புடுங்கியிருந்தா நானும் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருப்பேன். எல்லாருக்கும் நன்றிங்க.

கயல் அம்மா
பிப்ரவரி 9, இரவு 9.00

பழைய இழைன்னு தெரியும், ஆனா உங்ககிட்டச் சொல்லாம எப்படி. இன்னைக்குப் பல்லு தேய்க்கறப்ப அத்தைதான் செல்ஃபோன் டார்ச்சைப் புடிச்சுட்டு இருந்தாங்க. வெள்ளிப் பல்லுக்குப் பின்னாடி ஈறு வெடிச்சு, அரிசி நுனியாட்டம் வெள்ளையா ஒண்ணு எட்டிப் பாக்குது. "புள்ள, இங்க பாரு, டாக்டர் சொன்ன ஆறு வயசுப் பல்லு"ன்னு அத்தை கத்தின கத்துல பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துட்டாங்க. சின்ன பிரஷால அதையும் சேத்துத் தேய்ச்சு விட்டோம்.